சாமிக்கு உள்ளது, ஊருக்கு உள்ளது

கொல்லிமலைக்காரர் ஒருவரிடம் "எந்த ஊரு?" என்று கேட்டால் முதலில் நாட்டின் பெயர்தான் வரும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று மலையின் மேல் 14 நாடுகள் உண்டு. இன்றைக்கு அவை 14 ஊராட்சிகள். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியம் அவற்றின் தொகுப்புதான். ஊராட்சித் தலைவரும் தீர்மானப் புத்தகமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே நாட்டுக்கு ஒரு பட்டக்காரரும் ஊருக்கு ஓர் ஊர்க்கவுண்டரும் இருந்தார்கள். அவர்கள் கூடிப் பேசிய இடம் கோயில் வாசல்.

அந்தக் கோயில் வாசலில்தான் இந்த மலையைப் படித்ததாக ஓர் ஆசிரியை சொல்வார். 1980களின் தொடக்கத்தில், கொல்லிமலை இன்னும் சேலம் மாவட்டத்தில் இருந்தபோது, ராசிபுரத்திலிருந்து திண்ணனூர் நாட்டுப் பள்ளி ஒன்றுக்கு வேலைக்குப் போனவர் அவர். பணி ஓய்வு பெற்று இப்போது ராசிபுரத்தில் இருக்கிறார். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அட்டைப் பூச்சிகளையும் மழையையும் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். சாமிகளைப் பற்றியும், அந்தச் சாமிகளைச் சுற்றி மனிதர்கள் செய்த வேலைகளைப் பற்றியும் கேட்டால் மட்டும் நேரம் போவது தெரியாமல் பேசுவார்.

அவர் குடியிருந்த வீட்டுக்காரர் ஒரு மூதாட்டி. ஊரே அவரை ஆயா என்றது. ஆசிரியையும் அப்படியே கூப்பிட்டார். ஆயாவுக்கு டீச்சர் 'கண்ணு'. மலைக்கு வந்த முதல் வருடம், சாமை அறுவடை முடிந்து தானியம் வீடு சேர்ந்த பிறகு, மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, நாள் குறிக்க ஊர் கூடியது. "நீயும் வந்து உக்காரு கண்ணு, எங்க ஊரு கணக்கு வழக்கு தெரியட்டும்" என்று ஆயா கூட்டிக்கொண்டு போனார்.

நாள் குறிக்கும் வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று ஆசிரியை நினைத்திருக்க, கூட்டம் நிலா உச்சிக்கு வரும் வரை நடந்தது. வீட்டுக்கு எவ்வளவு வரி என்பதில் பேச்சு தொடங்கியது. பணமாகக் கொடுக்க முடியாதவர் சாமையாகக் கொடுக்கலாம். கணவனை இழந்து தனியாக இருப்பவர் வீட்டுக்கு வரி இல்லை, ஆனால் பொங்கல் பானையில் பங்கு உண்டு. யார் வீட்டு ஆட்கள் விறகு கொண்டு வருவது, யார் பந்தல் போடுவது என்பதெல்லாம் பேசி முடிந்ததும் ஊர்க்கவுண்டர் எழுந்து, "மனசுல கசப்ப வச்சிக்கிட்டுக் காப்புக் கட்டக் கூடாது. யாருக்கு என்ன இருக்குதோ இப்பவே சொல்லிருங்க" என்றார்.

அப்போது வந்தது பலாமரத்து வழக்கு. அண்ணன் தம்பி இருவர் நிலத்துக்கு நடுவே வரப்பில் ஒரு பலா. காய்க்கும் காலமெல்லாம் சண்டை. ஊர் வெகுநேரம் கேட்டது, இருவரையும் பேசவிட்டது, அவர்கள் மனைவிமாரையும் பேசவிட்டது. கடைசியில் ஒரு வருடத்துக் காய்ப்பு அண்ணனுக்கு, மறு வருடத்துக் காய்ப்பு தம்பிக்கு, மரத்தை வெட்டும் உரிமை இருவருக்கும் கிடையாது என்று முடிவானது. இருவரும் அம்மன் முன்னால் திருநீறு பூசிக்கொண்டார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் மலைக்குக் கீழே வெகு தொலைவில் இருந்த காலத்தில், வருடத்துக்கு ஒரு முறையாவது ஊரின் பகையைத் தீர்த்து வைக்கும் பொறுப்பை நோம்பி எடுத்துக்கொண்டிருந்தது.

மலையில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பேசுவது தமிழ். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இல்லை; தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அதனால்தானோ என்னவோ ஒரே வீட்டில் பெருமாளுக்கும் விளக்கு எரியும், கருப்பனுக்கும் கிடா நேர்வார்கள். அம்மனும் பெரியசாமியும் பல இடங்களில் மரத்தடிக் கல்லாகவும் நட்டு வைத்த வேலாகவும் இருப்பவர்கள். பூசாரி நோம்பியன்று சாமியாடி அருள்வாக்குச் சொல்வார். மறுநாள் காலையில் ஏர் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார். கும்பிடுகிறவருக்கும் பூசை செய்கிறவருக்கும் நடுவில் இடைவெளியே இல்லாத இந்த ஏற்பாடு ஆசிரியையை மிகவும் கவர்ந்தது.

ஊரை ஒட்டி ஒரு கோயில்காடு இருந்தது. அதன் எல்லையில் வேலியும் இல்லை, பலகையும் இல்லை. ஒற்றையடிப் பாதையில் ஓர் இடத்தில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும், அதுதான் எல்லை. அதற்குள் கோடரி போகாது. காற்றில் முறிந்து விழுந்த கிளையைக்கூட அடுப்புக்கு எடுக்க மாட்டார்கள். நோம்பிப் பொங்கலுக்கு மட்டும் ஊர் சொன்னால் எடுக்கலாம். காட்டின் ஓரத்தில் ஒரு சுனை. சித்திரை வெயிலிலும் வற்றாத தண்ணீர்.

ஆசிரியை அறிவியல் பாடம் நடத்துகிறவர். மரங்கள் மழைநீரைப் பிடித்து மண்ணுக்குள் அனுப்புவதையும், அந்த நீர் பாறை இடுக்குகள் வழியே கசிந்து ஊற்றாவதையும் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தைத் திறக்காமல் அந்தச் சுனைக்கரையிலேயே நடத்தினார். "காட்ட வெட்டினா சாமி கண்ணக் குத்தும் டீச்சரு" என்றான் ஒரு பையன். "சாமி குத்துறதுக்கு முன்னாடியே சுனை வத்திப் போயிரும்" என்றாள் இன்னொருத்தி. இரண்டு விடையும் சரி என்று மதிப்பெண் கொடுத்ததாக இன்றும் பெருமையோடு சொல்கிறார்.

கொல்லிமலையின் கோயில்காடுகளைப் பற்றித் தாவரவியல் அறிஞர்கள் பின்னாளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்கும் வேலையில் ஈடுபட்டது. ஆய்வாளர்கள் வருவதற்கு முன் இந்தக் காடுகளையும் விதைகளையும் காத்தது அம்மன் மேல் இருந்த பயபக்தியும், பொங்கலுக்குப் புதுச்சாமை வேண்டும் என்ற நியதியும்தான். மரவள்ளியும் காப்பியும் மிளகும் பணம் தரத் தொடங்கிய பிறகு சாமை விதைப்பது குறைந்துபோனது. அப்போதும் "சாமிக்கு வேணுமே" என்று ஆயா ஒரு துண்டு நிலத்தில் சாமை விதைத்ததை ஆசிரியை பார்த்திருக்கிறார்.

நாட்டுக்கு நாடு தனிக் கோயில்கள் இருந்தாலும் மலை முழுவதற்கும் பொதுவானவர் அறப்பளீசுவரர். வளப்பூர் நாட்டில் ஐயாற்றின் கரையில் இருக்கிறது கோயில். தேவாரத்தில் வைப்புத் தலமாகக் குறிக்கப்பட்ட பழமை உடையது. சோழ அரசி செம்பியன் மாதேவியின் கொடையைச் சொல்லும் கல்வெட்டு இங்கே உண்டு. அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் இந்தச் சாமியை முன்னிலைப்படுத்தியே பாடப்பட்டது. மலை மக்களுக்கு இவையெல்லாம் இரண்டாம் பட்சம். உழுதபோது கொழுமுனை பட்டு ரத்தம் வந்த லிங்கம் இது என்பார்கள். அந்தத் தழும்பைக் காட்டுவார்கள். ஆற்று மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தபோது மீன்கள் உயிர்பெற்றுத் துள்ளி ஆற்றுக்கே போய்விட்டன என்ற கதையையும் சொல்வார்கள். அதனால் கோயிலை ஒட்டிய ஆற்றில் யாரும் மீன் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் பொரி போடுகிறார்கள். மீன்கள் கூட்டமாக வந்து தின்கின்றன.

ஆசிரியை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனதும் அங்கேதான். கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. அதே ஐயாறு அங்கே பாறையிலிருந்து விழுந்து, மலையடிவாரத்தில் புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துச் சமவெளிக்குப் போகிறது. மேலே மீனைத் தொடக் கூடாது என்று வைத்த விதி, கீழே இருக்கிற வயலுக்கும் நல்ல தண்ணீராகப் போய்ச் சேர்கிறது என்று பிள்ளைகளுக்கு அவர் எடுத்துச் சொன்னார்.

சமவெளிக்காரர்களும் இந்த மலையைத் தங்கள் கோயிலாகவே எண்ணுகிறார்கள். சேலம், நாமக்கல், திருச்சி, பெரம்பலூர்ப் பக்கங்களில் பல சாதிகளைச் சேர்ந்த குடும்பங்களுக்கு மாசி பெரியசாமி குலதெய்வம். குழந்தைக்கு முடி இறக்கவும் காது குத்தவும், கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதியை வைக்கவும் கிடாயோடும் சேவலோடும் குன்றேறி வருவார்கள். எட்டுக்கை அம்மனைச் சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவையோடு சேர்த்து எண்ணிக் கும்பிட வருகிறவர்களும் உண்டு. ஆடி 18 அன்று மலை கொள்ளாத கூட்டம். அந்த நாளையொட்டி, பழங்காலத்தில் இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் பெயரில் அரசு விழாவும் நடத்துகிறது. நகரத்துக்குக் கோயில் போல, இங்கே ஒரு முழு மலையே பல மாவட்டத்து மக்களுக்குக் கோயில்.

இந்த மலையில் இன்னொரு வழிபாடும் வேரூன்றியது. அதன் கதையை ஆசிரியைக்குச் சொன்னவர் வாழவந்தி நாட்டைச் சேர்ந்த ஒரு முதியவர். பள்ளி மாணவி ஒருத்தியின் தாத்தா. அவர் சிறுவனாக இருந்தபோது பார்த்த 'பிராண்டு துரை'யைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகத் தாழும்.

ஜெஸ்ஸி பிராண்டு 1907இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக இங்கிலாந்திலிருந்து வந்தவர். 1913இல் ஈவ்லினை மணந்துகொண்டு கொல்லிமலையில் குடியேறினார். ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், ஓவியம் வரைவார். மலையில் அப்போது மலேரியா தலைவிரித்தாடியது. தச்சு வேலையும் கட்டட வேலையும் தெரிந்த ஜெஸ்ஸி, மருத்துவமும் ஓரளவு கற்றுக்கொண்டு வந்திருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார், பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். ஆண்டுகள் போயும் அவர் சொன்ன வேதத்தை ஏற்க மலையில் ஆளில்லை. அவர் மருந்தைத் தொட்டாலே தெய்வக் குற்றம் என்று பூசாரிகள் எச்சரித்திருந்தார்கள்.

1918-19இல் உலகத்தையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா கொல்லிமலைக்கும் ஏறி வந்தது. வீட்டில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய்க் கரண்டியால் ஊட்டினார்கள். அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் அந்தக் காய்ச்சலில் விழுந்தார். சாகும் தறுவாயில் ஜெஸ்ஸியைக் கூப்பிட்டனுப்பித் தன் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட்டார். கைக்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். மலையில் கிறிஸ்தவ சபை உருவானது இதற்குப் பிறகுதான்.

தாத்தா இதைவிட அழுத்தமாகச் சொன்னது நரம்புச் சிலந்தியைப் பற்றி. காலில் கொப்புளம் எழும்பி அதிலிருந்து நூல் போல நீளும் புழு. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி ஒரு குச்சியில் அதைச் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுப்பார். நோயாளி தண்ணீருக்குள் கால் வைக்கும்போது புழு முட்டைப் புழுக்களை விடுகிறது. தண்ணீரில் உள்ள மிகச் சிறிய நீர்ப்பூச்சி அவற்றை விழுங்குகிறது. அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கிறவர் உடம்பில் மறுபடி வளர்கிறது. புழுவை வெளியே எடுப்பதைவிடத் தண்ணீரைக் காப்பதே வழி. கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் செய்வதும், ஆளை இறங்கவிடாமல் நீர் இறைக்கச் செய்வதும் ஜெஸ்ஸியின் பிரசங்கத்தோடு சேர்ந்த ஊழியமாயிற்று. பிற்காலத்தில் நாடெங்கும் துணியில் வடிகட்டிக் குடிக்கும் பழக்கமும் சேர்ந்து, 2000 பிப்ரவரியில் இந்தியா நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. முடிந்துபோன அந்த நோயின் தழும்பைத் தாத்தா கணுக்காலில் காட்டினார்.

1929இல் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. 1914இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்த மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயதில் பிரிந்த தகப்பனை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. அந்தச் சிறுவன் டாக்டர் பால் பிராண்டாக 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிச் செயலிழந்த விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் விரித்துக் கொடுத்தார். அவர் வகுத்த முறை உலகம் முழுவதும் போயிற்று. தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் அப்பா கழுவிக் கட்டியதைச் சின்ன வயதில் கொல்லிமலை வீட்டு வாசலில் பார்த்தவர் அவர்.

தாயின் கதை இன்னும் பெரியது. வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தபோது ஈவ்லினுக்கு ஏறக்குறைய 70 வயது. மலையை விட்டுப் போக அவர் சம்மதிக்கவில்லை. கொல்லிமலையைச் சுற்றியுள்ள மற்ற மலைகளுக்கும் ஊழியம் போய்ச் சேர வேண்டும் என்று கணவரோடு சேர்ந்து கண்ட கனவுக்காகக் கல்வராயன் மலைக்குப் போனார். மட்டக்குதிரை மேல் ஏறி மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராகச் சுற்றினார். இடுப்பு எலும்பு முறிந்தும் நிற்கவில்லை. 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. ஆசிரியை மலைக்குப் போன காலத்தில் பிராண்டு பாட்டியை நேரில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்; அம்மனுக்குக் கிடா வெட்டுகிறவர்களும் அவர் பெயரைச் சொல்லும்போது கையெடுத்துக் கும்பிட்டதை அவர் கண்டிருக்கிறார்.

இரண்டு வழிபாடுகளும் ஒரே ஊரில் நிற்கும்போது உரசல் வராமல் இருக்காது. ஆசிரியை இருந்த ஊரில் ஒரு குடும்பம் ஞானஸ்நானம் பெற்றது. அடுத்த நோம்பிக்கு வரி கேட்டபோது, "நாங்க சபைக்குப் போறோமுங்க, இதுக்குக் குடுக்க மாட்டோம்" என்றார் குடும்பத் தலைவர். வரி கொடுக்காதவன் சுனையில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று இளைஞர்கள் சிலர் கூச்சலிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஆசிரியையின் வகுப்பில் படித்தவர்கள். இரண்டு நாள் அவர்கள் பள்ளிக்கு வரவில்லை.

ஊர் மறுபடி கோயில் வாசலில் கூடியது. சபை மூப்பரையும் வரச் சொன்னார்கள். அவர் வாசலுக்கு வெளியே போட்ட கட்டிலில் உட்கார்ந்தார். ஊர்க்கவுண்டர் எல்லோரையும் கேட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பை ஆசிரியை அன்றிரவே எழுதி வைத்துக்கொண்டார். "சாமிக்கு உள்ளது வேற, ஊருக்கு உள்ளது வேற. மாரியாத்தாளுக்கு வரி மனசிருந்தாக் குடுக்கட்டும், இல்லாட்டி விட்டுரலாம். சுனை ஊருக்கு உள்ளது. அத வாரி எறைக்கிற அன்னைக்கு வீட்டுக்கு ஒரு ஆளு வந்தே ஆகோணும். எந்தச் சாமியக் கும்புட்டாலும் வந்தே ஆகோணும்."

சுனை தூர் வாரிய அன்று முதலில் மண்வெட்டியோடு வந்து நின்றது அந்தக் குடும்பம். சபை மூப்பரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். பூசாரி எடுத்துக் கொடுத்த கூடையை அவர் வாங்கிக் கரையில் கொட்டினார். அந்தப் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்.

தன் வாழ்நாளில் கேட்ட தீர்ப்புகளில் இதைத்தான் ஆசிரியை உயர்வாக வைக்கிறார். மதங்கள் ஒன்றாக வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு இருந்தது. எல்லோரும் குடிக்கிற தண்ணீரை எல்லோரும் சேர்ந்து காக்க வேண்டும் என்பது மட்டுமே ஊர் வைத்த நிபந்தனை. கோயில்காட்டின் விதியும், ஐயாற்று மீனின் கதையும், பிராண்டு கிணற்றைச் சுற்றி எழுப்பச் சொன்ன சுவரும் அவர் கண்ணுக்கு ஒரே வேலையின் மூன்று பகுதிகளாகத் தெரிகின்றன.

அந்த வேலை இப்போது சிரமத்தில் இருக்கிறது. விடுமுறை நாட்களில் வாகனங்கள் வரிசையாக மலையேறுகின்றன. அருவிப் படிகளிலும் குலதெய்வக் கோயில்களைச் சுற்றியும் நெகிழித் தட்டுகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் உடைந்த மது பாட்டில்களும் கிடக்கின்றன. காப்பித் தோட்டமும் தங்கும் விடுதியும் காட்டின் ஓரங்களைக் கடிக்கின்றன. மரத்தடிச் சாமிக்குக் கான்கிரீட் மண்டபம் கட்டித் தருகிறோம் என்று வருகிறார்கள் வெளியூர் பக்தர்கள். மண்டபம் எழும்பும்போது மரம் போய்விடுகிறது. பக்தியோடு வருகிறவர்கள்தான் இவர்கள் எல்லோரும். வருகிற இடத்தில் ஊருக்கு உள்ளது எது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

சொல்வதற்குச் சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தனி நில உரிமையோடு சமூக உரிமைகளையும் தருகிறது. அதன் 5ஆம் பிரிவு, காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீர் ஆதாரங்களையும் காக்கவும், தங்கள் பண்பாட்டு மரபைக் குலைக்கும் செயல்களைத் தடுக்கவும் உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் அதிகாரம் அளிக்கிறது. கோயில் வாசலில் ஊர்க்கவுண்டர் சொன்னதைப் பாராளுமன்றம் தன் மொழியில் எழுதியிருக்கிறது என்பது ஆசிரியையின் கருத்து. கிராம சபையில் எழுந்து கேட்டால்தான் அது செல்லும்.

அவரிடம் படித்த சிலர் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் நோம்பிக்கு நாள் குறிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒருவர் சபையில் பாட்டு நடத்துகிறவர். இன்னொருவர் மகளிர் குழுவில் மிளகு விற்கும் பொறுப்பில் இருப்பவர். தங்கள் ஊர்களில் உள்ள கோயில்காடுகளின் எல்லைகளையும் சுனைகளின் பெயர்களையும் முதியவர்கள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறார்கள். எந்தப் பாறையிலிருந்து எந்த மரம் வரை, எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர், யார் வீட்டுக்காரர்கள் தூர் வாருவார்கள் என்ற விவரமெல்லாம் அதில் ஏறுகிறது. உலக தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் நோட்டை வைத்துத் தீர்மானம் கேட்கப் போகிறார்கள். தீர்மானத்தின் வாசகத்தைச் சரிபார்த்துத் தரும்படி ராசிபுரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஆசிரியை ஒரு வரியை மட்டும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்: வருடத்துக்கு ஒரு முறை சுனை வாரும் நாளில் கோயில்காரர்களும் சபைக்காரர்களும் அன்று மலையில் தங்கியிருக்கும் வெளியூர் பக்தர்களும் வீட்டுக்கு ஒருவர், வண்டிக்கு ஒருவர் வீதம் வேலைக்கு வர வேண்டும்.